வாசலில் தங்கிய ‘வர்றேன்’

கோகிலவாணி அந்தப் படிவத்தில் உண்மையை எழுதிவிட்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று, திருப்பூரில் சாயப்பட்டறை ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒன்பது வீட்டு லைன் காம்பவுண்டில் இன்றைக்கும் சொல்கிறார்கள். தெருவில் மீட்ட நாய்களைத் தத்துக் கொடுக்கும் காப்பகத்தின் படிவம் அது, மொத்தம் நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில், ஒரு நாளில் நாய் எத்தனை மணி நேரம் வீட்டில் தனியாக இருக்கும் என்றொரு கேள்வி இருந்தது. அவளுக்கு முன்னால் நிரப்பியவர்கள் எல்லாரும் ஒரு மணி நேரம் என்றோ, யாராவது ஒருவர் எப்போதும் இருப்போம் என்றோ எழுதியிருக்க, தன் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவளும், எந்தப் படிவத்தையும் மூன்று தடவை படித்து, தப்பாக எழுதினால் அந்தப் பட்டத்தையே திரும்பக் கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தோடு நிரப்புகிறவளுமான கோகிலவாணி, ‘ஒன்பதரை மணி நேரம். ஷிப்மெண்ட் இருந்தால் பதினொன்று’ என்று எழுதி, அதுவும் போதாதென்று, ‘மாதத்தில் நான்கைந்து நாள் ஷிப்மெண்ட் இருக்கும்’ என்று ஓரத்தில் சேர்த்தாள்.

காப்பகத்தை நடத்தும் ஆக்னஸ் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பத்து வருஷத்துல இந்தக் கட்டத்துல உண்மைய எழுதின மொத ஆள் நீதாம்மா. ஆனா இவ்வளவு நேரம் தனியா விடறவங்களுக்கு நாங்க நாய் குடுக்கறதில்ல.”

“தெரியுங்க மேடம். கீழ போட்டிருந்துச்சுங்க.”

“தெரிஞ்சேவா எழுதினே?”

“அப்புறம் தெரிஞ்சா இன்னும் சங்கடமாப் போயிருமில்லீங்க.”

ஆக்னஸ் உள்ளே போய் ஒரு நாயைக் கூட்டிவந்தார். மண் நிறம், வளர்ந்த நாய், இடது காதின் ஓரம் மடித்துத் தைக்காமல் விட்ட துணியைப் போலப் பிய்ந்து தொங்கியது. இரண்டு வீடுகள் அதைக் கூட்டிப்போய்த் திருப்பி அனுப்பியிருந்தன. எல்லாரும் வேலைக்குப் போனதும் ஊளையிடுகிறது, அவ்வளவுதான் புகார். மூன்றாவது தடவையும் திரும்பி வந்தால் அதை யாருக்கும் கொடுப்பதில்லை, கடைசிவரை கூண்டுதான் என்பது காப்பகத்தின் சட்டம்.

“நாலு வாரம் வெச்சுப் பாரு. நாலாவது சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு நான் வந்து பார்ப்பேன். சரியா இருந்தா கையெழுத்து, இல்லேன்னா கூட்டிட்டுப் போயிருவேன்,” என்றார் ஆக்னஸ். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன் வேனிலேயே நாயைக் கொண்டுவந்து விட்டார். புறப்படும்போது குனிந்து அதன் தலையைத் தொட்டு, “வர்றேன்” என்றார். நாய் வாலைக் கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டது. இதற்கு முன்னால் இரண்டு வீட்டு வாசலிலும் அவர் அப்படித்தான் சொல்லியிருந்தார், சொன்னபடி இரண்டு தடவையும் வந்து அழைத்துப்போயிருந்தார்.

கோகிலவாணி அதற்குப் பிசிறு என்று பெயர் வைத்தாள். தையல் முடிந்த பனியனில் வெட்டாமல் நிற்கும் நூலுக்கு அந்த ஊரில் அதுதான் பெயர். ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசருக்கு உதவியாளராக இருந்த அவளுக்கு வாயில் சட்டென்று வந்ததும் அதுதான். “டிகிரி படிச்சுப்போட்டு நாய் வளக்கறயாக்கும்?” என்று சோமனூரிலிருந்து போனில், தறிச் சத்தத்துக்கு மேலாகக் கத்தினார் அப்பா. அவரிடம் அவள் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. தனியாக வீடு எடுத்த எட்டு மாதமாக, ஒவ்வொரு நாள் காலையிலும் கதவைப் பூட்டி, பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் படியிறங்கிப் போவது அவளுக்கு என்னவோபோல் இருந்தது. போயிட்டு வர்றேன் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த வார்த்தையைக் கேட்கிற காது பிய்ந்திருந்தாலும் பரவாயில்லை.

வீட்டுக்காரம்மா சரோஜினி ஒரே ஒரு நிபந்தனை போட்டார். “ஊளைச் சத்தம் ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்ற காதுல உழுந்துதுன்னா, நாய் அன்னிக்கே வெளிய. பாத்துக்க கண்ணு.” சரோஜினி காதில் விழாமல் அந்தக் காம்பவுண்டில் எதுவும் நடக்க முடியாது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்த இரண்டு மணி நேரத்தில் யாரோ தண்ணீர் மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போய்விட, அன்றிலிருந்து அவர் கேட்டைத் தாண்டியதில்லை. காய் கேட்டுக்கே வந்தது, கல்யாணங்களுக்கு மகன் போனான், அவர் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒன்பது வீட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வீட்டில் குடியிருந்த, ஒடிசாவிலிருந்து நிட்டிங் வேலைக்கு வந்த ஜோகேந்திரன் தினமும் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது, “அக்கா, நான் போறேன்” என்பான். “எத்தனை தடவடா சொல்றது, போறேன்னு சொல்லாத, வாய்ல நல்ல வார்த்தையா வருதா பாரு, போயிட்டு வர்றேன்னு சொல்லு” என்று அவர் கத்துவார். அவன் தலையாட்டிவிட்டு மறுநாளும் போறேன் என்பான். அது ஒரு மணியடிப்பதைப்போல எல்லாருக்கும் பழகிவிட்டிருந்தது.

திங்கட்கிழமை காலை கோகிலவாணி தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பி, ஜன்னலைத் திறந்துவைத்து, மிதியடியில் நின்றிருந்த பிசிறின் முகத்துக்கு நேராகக் குனிந்து, எட்டு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து, “போயிட்டு வர்றேன்” என்றாள். ‘போயிட்டு’ அவளோடு படியிறங்கிப் பஸ் ஏறிக் கம்பெனிக்குப் போனது. ‘வர்றேன்’ போகவில்லை. அது மிதியடி மேலேயே, மடித்துவைத்த பனியன் அளவில், இஸ்திரி போட்ட துணிக்குள் இருக்கிற சூட்டோடு, கண்ணுக்குத் தெரியாமல் தங்கிவிட்டது. பிசிறு அதை மூன்று சுற்று சுற்றி வந்து முகர்ந்து பார்த்தது, பிறகு தாடையை அதன்மேல் வைத்துத் தூங்கிப்போனது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை, கோகிலவாணியின் குரலில், அவசரமில்லாமல், “வர்றேன்” என்று கேட்டது.

முதலில் ஏமாந்தவர் பக்கத்து வீட்டு மும்தாஜ். வீட்டிலேயே உட்கார்ந்து பீஸ் கணக்கில் பனியன்களுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தவர், குரல் கேட்டு, “கோகிலா, லீவா கண்ணு? ஒரு வாய் டீ குடிக்க வாயேன்” என்று கூப்பிட, “வர்றேன்” என்று பதில் வந்தது; டீ ஆறி ஏடு கட்டும்வரை காத்திருந்தார். அடுத்ததாகக் கேஸ் சிலிண்டர்காரர், கதவைத் தட்டி, உள்ளேயிருந்து வர்றேன் என்ற குரல் கேட்டு, சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்காமலேயே இருபது நிமிஷம் நின்றார். “படிச்ச புள்ளைங்க மனுசன மதிக்கறதே இல்ல” என்று அவர் சண்டைக்கு வந்தபோதுதான் சரோஜினி நாற்காலியிலிருந்து எழுந்துவந்து, ஜன்னல் வழியாகப் பார்த்து, காது கொடுத்துக் கேட்டு, விஷயத்தை உறுதி செய்தார்.

“அவ ஆபீசுக்குப் போய்ட்டா. அவ சொன்னது இங்க இருக்குது,” என்றார்.

“அப்ப சிலிண்டர யாரு எறக்கிக்கறது?”

“இங்க வெய்யி. சொன்ன சொல்லு சிலிண்டரத் தூக்குமாய்யா?”

அன்று சாயங்காலம் கோகிலவாணி ஆறரைக்கு வந்து கதவைத் திறந்ததும், வர்றேன் என்பது வந்தேன் என்று ஆகிவிட்டதால், அந்தச் சூடு மிதியடியிலிருந்து கரைந்து போயிற்று. மறுநாள் காலை மறுபடி சொன்னாள், மறுபடி தங்கியது. ஒரு தடவைக்கு ஒன்றுதான், ஒரு வார்த்தைதான், அவள் வரும்வரைதான்.

காம்பவுண்டில் இது ஏன் நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, கேட்டதெல்லாம் இனிமேல் என்ன செய்வது என்றுதான். குழாயடியில் முதல் பிரச்சினை வந்தது: தலைக்கு இரண்டு குடம் என்ற கணக்கில் நாய்க்கு ஒரு குடம் கொடுத்தாயிற்று, இதற்கும் உண்டா? “நாய் ஒண்ணுன்னு சொல்லித்தான உள்ள உட்டேன், இப்ப அதுக்கு ஒரு கூட்டாளியா?” என்றார் சரோஜினி. கோகிலவாணி கைகளைப் பிசைந்துகொண்டு, வேண்டுமானால் தன் பங்கில் குறைத்துக்கொள்ளுங்கள் என்றாள். “போச்சாது, பரவால்ல உடு, அது தண்ணி குடிக்கறத நான் பாக்கல” என்று தீர்ப்பானது. நாலாவது வீட்டில், தாய் ஷிஃப்டுக்குப் போனதும் வீல் வீலென்று கத்தும் கைக்குழந்தையை அதன் அத்தை தூக்கிவந்து ஜன்னலோரம் வைத்துக்கொள்ள, வர்றேன், வர்றேன் என்று கேட்டுக்கொண்டே அது தூங்கியது. கேஸ்காரர் அடுத்த தடவை வந்து, ஜன்னலைப் பார்த்து, “நீ வர வேண்டாம்மா, நானே வெச்சுட்டுப் போறேன்” என்றார். மற்றவர்களும் தங்கள் வீட்டு வாசலில் அழுத்தி அழுத்திச் சொல்லிப் பார்த்தார்கள், அவர்களுடையது தங்கவில்லை; அவர்கள் வீட்டில் அதைக் கேட்க யாராவது எப்போதும் இருந்தார்கள்.

சரோஜினி, ஊளை கேட்கிறதா என்று சோதிப்பதற்காகவே, மதியம் மூன்று மணிக்கு நாற்காலியைக் கோகிலவாணியின் ஜன்னலடிக்கு இழுத்துப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். உள்ளே நாயின் குறட்டையும் அந்தக் குரலும்தான் கேட்டன. மூன்றாவது வாரத்தில், வர்றேன் என்று உள்ளே கேட்டபோது, கண்ணை மூடியபடியே அவர், “வா வா, பசங்க வேகமா வண்டியோட்டற ரோடு, பாத்து மெதுவா வா” என்று பதில் சொன்னதை மும்தாஜ் தன் காதால் கேட்டார்.

கம்பெனியில்தான் சிரமம். சாயங்காலம் ஆறு அடித்தால், கோகிலவாணியோடு வந்த ‘போயிட்டு’ தன் மறுபாதியைத் தேடி அவள் காலைப் பிடித்து இழுக்கும், மெயிலை முடிக்கும் முன்னால் கால் செருப்பில் இருக்கும். அதனால் அவள் சாப்பாட்டு நேரத்தைப் பாதியாக்கி, டீ நேரத்தை விட்டுவிட்டு, ஆறு மணிக்குள் எல்லாவற்றையும் முடித்தாள். மேனேஜர் நாச்சிமுத்து ஆறு மணிக்கு ஒரு தடவை கடிகாரத்தையும் ஒரு தடவை அவளையும் பார்ப்பார். அந்த இரண்டாவது பார்வையை நினைத்து அவள் தினமும் பஸ்ஸில் நகம் கடித்தாள்.

நாலாவது சனிக்கிழமை வந்தது. ஆக்னஸ் நாலு மணிக்கு வருகிறார். இரண்டரைக்குக் கிளம்பிவிட அனுமதி வாங்கிவைத்து, வீட்டைக் கழுவி, பிசிறைக் குளிப்பாட்டி, செருப்பை மாட்டிக்கொண்டு மிதியடியில் நின்று குனியும்போது போன் அடித்தது. நாச்சிமுத்து.

“எங்கம்மா இருக்கற? பையர் அனுப்பின இன்ஸ்பெக்டர் காலைல எட்டு மணிக்கே வந்து உக்காந்துட்டாரு. ஒரு கார்ட்டன் கூடப் பிரிக்கல.”

“வர்றேன் சார், இதோ வர்றேன் சார், வர்றேன், வர்றேன்,” என்று சொல்லியபடியே கதவை இழுத்துச் சாத்தி, பூட்டை ஒரே தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, ஓடினாள்.

பதினோரு மணி வரைக்கும் அவளுக்கு எதுவும் தெரியவில்லை. கார்ட்டன்களைப் பிரித்து, அளவு பார்த்து, லேபிள் பார்த்து, இன்ஸ்பெக்டர் தலையாட்டி, நாச்சிமுத்து முதன்முறையாக அவளைப் பார்த்துச் சிரித்து, அவருடைய மேஜைக்கு முன்னால் அவள் வந்து நின்றபோது, மேஜைக்கு அடியிலிருந்து அவளுடைய குரல், அவசரமில்லாமல், “வர்றேன்” என்றது.

“காலைலருந்து இது இங்கதாம்மா இருக்குது,” என்றார் நாச்சிமுத்து. செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை அதன்மேல் வைத்திருந்தார். “நல்லா எதமா இருக்குது. ஏசிக்கு என்ற முட்டி புடிச்சுக்கும், இன்னிக்கு ஒண்ணுமே தெரியல.”

போனில் சொன்னதும் அதே வார்த்தைதான்; போகிற இடத்துக்கும் வர்றேன் என்றுதான் சொல்கிறோம், விட்டுப்போகிற இடத்துக்கும் வர்றேன் என்றுதான் சொல்கிறோம்; ஒரு தடவைக்கு இருக்கும் ஒரே ஒன்றை கோகிலவாணி மேஜைக்குக் கொடுத்துவிட்டிருந்தாள்; அது பிசிறுக்கு உரியது என்பதால், அவள் இங்கே வந்து நின்ற பிறகும் கரையவில்லை. வராந்தாவுக்கு ஓடி மும்தாஜைப் போனில் கூப்பிட்டாள்.

“அக்கா, பிசிறு?”

“ஊளை உட்டுது கண்ணு. ஒரே ஒருக்கா. ஆனா என்ன ஊளை தெரியுமா, நானே கத்திரியப் போட்டுட்டு ஓடியாந்துட்டேன்.”

“சரோஜினியக்கா கேட்டுட்டாங்களா?”

“கேக்காம? மாத்துச் சாவியத் தூக்கிட்டு நேரா உன்ற வீட்டுக்குள்ள போனாங்க. அப்புறம் செருப்பப் போட்டுட்டு வெளிய போய்ட்டாங்க.”

“வெளியன்னா?”

“கேட்டத் தாண்டி, கண்ணு! கொடையும் எடுத்துட்டு. அட இரு, மறுபடி…” என்பதோடு மும்தாஜின் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்துபோனது.

பதினோரு வருஷமாகக் கேட்டைத் தாண்டாதவர் தாண்டியிருக்கிறார் என்றால், அது காப்பகத்தில் புகார் சொல்லத்தான் என்று கோகிலவாணி நினைத்தாள். உள்ளே வந்து நாச்சிமுத்துவின் முன்னால் நின்றாள்.

“சார், இது உங்களுக்குச் சொன்னதில்லீங்க. நாய்க்குச் சொல்ல வேண்டியதுங்க. அவசரத்துல மாத்தி உங்ககிட்ட சொல்லிட்டேன். எடுத்துட்டுப் போகணுங்க சார், இப்பவே.”

நாச்சிமுத்து மெதுவாகக் காலைத் தூக்கி, “என்ற வீட்டுல எனக்கு யாரும் இத்தன தடவ சொன்னதில்லம்மா” என்றார். “எடுத்துக்க. இன்ஸ்பெக்டர நான் பாத்துக்கறேன்.”

அவள் மேஜைக்கு அடியில் ஊர்ந்து போய், அதைத் துப்பட்டாவில் ஏந்திச் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினாள். “டிக்கெட் வாங்காதவங்க வாங்கிக்கங்க” என்று கண்டக்டர் கத்தியபோது துப்பட்டாவுக்குள்ளிருந்து வர்றேன் என்றது. “நீ எதுக்கும்மா வர்ற, நான்தான் வர்றேன்ல” என்று அவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார்.

காம்பவுண்டுக்கு இரண்டு நிறுத்தம் முன்பாகவே, நிழற்குடையின் பெஞ்சில், மடக்கிய குடையைக் கால்களுக்கு நடுவில் ஊன்றி, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு சரோஜினி உட்கார்ந்திருப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்து, கோகிலவாணி அங்கேயே குதித்து இறங்கினாள்.

“அக்கா, ஆக்னஸ் மேடத்துக்கிட்டச் சொல்லாதீங்க அக்கா, என்ற தப்புத்தான், இந்தாங்க, கொண்டாந்துட்டேன்…”

“யாருகிட்ட என்னத்தச் சொல்றது? மூச்சு வாங்குது, செத்த உக்காரு,” என்றார் சரோஜினி. “அந்த மிதியடிய மோந்து மோந்து பாத்துட்டு நின்னுது. என்ன பண்றதுன்னு தெரியல. சரி, நான் ஒண்ணு சொல்லி வெப்போமேன்னு, போயிட்டு வர்றேன் பிசிறுன்னேன். நின்னுக்கிச்சு! ஆனா சொன்னா போகணுமில்ல? வாசல்ல நின்னுட்டே இருந்தா அது பொய்யாப் போயிருமே. அதுக்காகப் பேக்கரி வரைக்கும் போனேன். திரும்பி வந்தா, வந்துட்டேன்ல, கரைஞ்சு போச்சு. மறுபடி சொல்லிட்டு ரேஷன் கடை வரைக்கும் போனேன். அதுவும் எத்தன நேரம் தாங்கும்? அப்புறம் மாரியம்மன் கோயில். இது அஞ்சாவது நடை. இந்த ஊர்ல இத்தன கடை எப்பக் கண்ணு வந்துச்சு?”

கோகிலவாணி அழுதுகொண்டே சிரித்தாள். “மோட்டாரு, அக்கா?”

“போனா போகுது மோட்டாரு,” என்றார் சரோஜினி, எழுந்துகொள்ளக் கையை நீட்டியபடி.

இரண்டு பேரும் ஒன்றாக நடந்துபோய்க் கதவைத் திறந்தார்கள். மிதியடியில் ஒரு வர்றேன், துப்பட்டாவில் ஒரு வர்றேன், இரண்டும் ஒரே நேரத்தில் கரைந்தன. பிசிறு யாரிடம் முதலில் தாவுவது என்று தெரியாமல் நடுவில் நின்று உடம்பு முழுவதையும் ஆட்டியது.

நாலு மணிக்கு ஆக்னஸ் வந்தார். படிவத்தைப் பிரித்தார். காம்பவுண்டே வேப்பமரத்தடியில் கூடியிருந்தது. கோகிலவாணி கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

“மேடம், இன்னிக்குக் காலைல இதுகிட்டச் சொல்லாமப் போய்ட்டேங்க. ஊளை விட்டுச்சுங்க. ஒரு தடவை. எழுதிக்கங்க.”

மும்தாஜ் தலையில் அடித்துக்கொண்டார். ஆக்னஸ் பேனாவைத் திறந்து, சரோஜினியைப் பார்த்து, “ஊளை கேட்டா நாய் வெளியன்னு நீங்க சொன்னதா இந்தப் பொண்ணு அப்புறமா இதுல சேத்து எழுதியிருக்கு. கேட்டுச்சாம்மா?” என்றார்.

சரோஜினி குடையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“எனக்கெப்படிங்க தெரியும்? நான் ஊட்லயே இல்ல. வெளிய போயிருந்தேன்.”

கேஸ்காரர் உட்பட எல்லாரும் சிரித்த சிரிப்பில் நாலாவது வீட்டுக் குழந்தை விழித்துக்கொண்டது. ஆக்னஸுக்கு விளங்கவில்லை, ஆனாலும் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார், சரோஜினியின் கால் மேல் தலையை வைத்துப் படுத்திருந்த நாயைப் பார்த்தார், நான்காம் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

வேனில் ஏறுவதற்கு முன்னால், வழக்கம்போலக் குனிந்து பிசிறின் தலையைத் தொட்டார். நாய் வாலை இடுக்கிக்கொண்டு காத்திருந்தது. ஆக்னஸ் அதன் பிய்ந்த காதருகே வாயை வைத்து, அத்தனை பேர் காதிலும் விழும்படி, தெளிவாக,

“போறேன்,” என்றார்.

ஷிஃப்டு முடிந்து அப்போதுதான் கேட்டுக்குள் நுழைந்த ஜோகேந்திரன் அதைக் கேட்டு அப்படியே நின்று, இதோ கத்தப்போகிறார் என்று சரோஜினியின் வாயைப் பார்த்தான். சரோஜினி கத்தவில்லை. வேன் தெருமுனை திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மவராசி, நல்லபடியாப் போகட்டும்” என்றார். பிசிறு உள்ளே போய், ஒன்றுமே இல்லாத மிதியடியில் தாடையை வைத்து, வாலைத் தளர்த்தி நீட்டிக்கொண்டு தூங்கிப்போனது.